ஏழு விருதும் ஒரு பெயரும்

லோன் ஹெரான் எரிசக்திக் கம்பெனியில் ஆட்களைப் பாராட்டுவதற்கென்றே ஓர் இலாகா உண்டு. ஹூஸ்டன் தலைமை அலுவலகத்தில் பாதி மாடியை அதற்கு ஒதுக்கியிருந்தார்கள். போர்ட் ஆர்தரில் இருக்கும் கம்பெனியின் எண்ணெய் ஆலையில் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கவும் ஓர் இலாகா உண்டு. அதில் முன்பு ஒரு கூட்டமே இருந்தது. சிக்கனம் வந்து ஒவ்வொருவராகத் தின்று தீர்த்ததில் லெமுவேல் பட்டீஸ்ட் ஒருவர்தான் மிச்சம். ஒழுகலைக் கண்டுபிடிக்க ஓர் ஆள், கண்டுபிடித்தவரைப் பாராட்ட ஒரு பட்டாளம். கம்பெனியின் சின்னமே ஒற்றைக் காலில் நிற்கும் நாரை என்பதால் இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

அமெரிக்காவில் பிப்ரவரி என்றால் கறுப்பர் வரலாற்று மாதம். மற்ற பதினோரு மாதமும் கறுப்பின எஞ்சினியர்களின் நினைப்பே வராத கம்பெனிகளுக்கு அந்த ஒரு மாதம் மட்டும் நினைப்பு பொங்கிப் பொங்கி வரும். எரிசக்தித் துறையில் வேலை செய்யும் கறுப்பின எஞ்சினியர்களுக்கும் தொழில்நுட்பக்காரர்களுக்கும் விருது கொடுக்க ஹூஸ்டனில் ஒரு பேரவை இருந்தது. தங்களை யாரும் எந்த மேடையிலும் ஏற்றாத காலத்தில் நல்ல மனிதர்கள் நாலைந்து பேர் ஒரு சர்ச்சின் பின்கூடத்தில் கூடி, ஒருவருக்கொருவர் கைதட்டிக்கொள்ள ஆரம்பித்தது அது. இப்போது ஐந்து நட்சத்திர ஓட்டலில் நடக்கிறது. கைதட்டுகிறவர்கள் மட்டும் வேறு.

ஜனவரிக் கடைசியில் பாராட்டு இலாகாவின் மேனேஜர் பெய்ஜ் ஹாலிங்ஸ்வர்த் லெமுவேலை ஹூஸ்டனுக்குக் கூப்பிட்டனுப்பினார். சின்ன வயசு, வெள்ளைக்காரப் பெண், யாரைப் பார்த்தாலும் கண் கலங்கும் அளவுக்கு நல்ல சுபாவம். உட்கார்ந்தவுடன் பாதுகாப்பு நிமிடம் சொன்னார்.

எண்ணெய்த் தொழிலில் எந்தக் கூட்டமும் இது இல்லாமல் தொடங்காது. யாராவது ஒருவர் எழுந்து, உயிருக்கு ஆபத்தான ஏதாவது ஒன்றைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். லோன் ஹெரானில் இதற்குச் சேர்மனே விதித்த சட்டம் ஒன்று இருந்தது: பாதுகாப்பு நிமிடம் பேசுகிறவரை யாரும் இடைமறிக்கக் கூடாது, சேர்மனே ஆனாலும் வாய் திறக்கக் கூடாது. பேசுவதென்னவோ படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடியுங்கள், சூடான காப்பியை மூடி எடுத்துப் போங்கள் என்கிற அளவில்தான் இருக்கும். அன்றைக்குப் பெய்ஜ் ஸ்டேப்ளர் விரலில் குத்தாமல் பார்த்துக்கொள்வது பற்றிப் பேசினார். லெமுவேல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"வாழ்த்துகள், லெமுவேல். நீங்க ஏழு விருது ஜெயிச்சிருக்கீங்க."

"ஏழா?"

"ஏழு பிரிவுக்கும் ஆள் தர்றோம்னு பேரவைக்கு வாக்குக் குடுத்துட்டோம். அப்புறம்தான் எண்ணிப் பாத்தோம். கறுப்பின எஞ்சினியர்னு நம்மகிட்ட இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க."

"மத்தவங்களத்தான் போன தடவ வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே, மேடம்."

"அது வேற இலாகா," என்றார் பெய்ஜ், உண்மையான வருத்தத்தோடு.

வாழ்நாள் சாதனையாளர், வளரும் நட்சத்திரம், வருங்காலத் தலைவர் என்று விருதுகள் நீண்டன. லெமுவேலுக்கு வயது அறுபத்தொன்று. ஆறாவது, தலைசிறந்த பெண் முன்னோடி. அதைப் பற்றிச் சட்டப்பிரிவு இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகப் பெய்ஜ் சொன்னார். ஏழாவதுதான் பெரியது. ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்பு, வேட்டைநாய்க்காக.

அதுவரை இதையெல்லாம் யாருக்கோ நடப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்த லெமுவேல் அப்போதுதான் நிமிர்ந்தார்.

வேட்டைநாய் அவருடையது அல்ல. அது வெர்லீன் கில்லரியுடையது. ஆலை முழுக்கச் சின்னச் சின்ன மூக்குகளைப் பொருத்தி, மனித மூக்குக்கு எட்டாத வாயுக் கசிவையும் மோப்பம் பிடித்து, கண்ட்ரோல் ரூமில் மணியடித்துக் குரைக்கிற அமைப்பு அது. யோசித்தது, கணக்குப் போட்டது, பெயர் வைத்தது எல்லாம் வெர்லீன். மூக்குகளைச் சுமந்துகொண்டு ஏணி ஏறியதும் கம்பி இழுத்ததும் லெமுவேல். வெர்லீனுக்குத் தாழ்ந்த குரல் என்பதே கிடையாது. குழாய் அழுகிவிட்டது என்றால் அழுகிவிட்டது என்றே சொல்வாள். மற்றவர்கள் மாதிரி 'கவனத்துக்குரிய பகுதி' என்று பூசி மெழுக மாட்டாள். 'வெர்லீன், கொஞ்சம் மெதுவா' என்று அவளிடம் சொல்லாத மேலதிகாரி அந்த ஆலையில் இல்லை.

வேட்டைநாய் நன்றாக வேலை செய்தது. அதுதான் தொல்லையாகப் போயிற்று. அது குரைத்தால் வேலையை நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய ஆலை, அடிக்கடி குரைத்தது. ஆகவே அதன் வாயைக் கட்ட ஒரு பொத்தான் வைத்தார்கள். அடுத்து வந்த ஆட்குறைப்பில் வெர்லீனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேட்டைநாயைப் பற்றித் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அடுத்த திங்கட்கிழமையே அவளை ஒப்பந்த ஆளாக அதே நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஊழியருக்கு நீல அட்டை, ஒப்பந்த ஆளுக்கு மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டைக்காரர்கள் கண்ட்ரோல் ரூம் திரையைப் பார்க்கக் கூடாது என்பது விதி. தான் பெற்ற பிள்ளையைத் தானே எட்டிப் பார்க்க முடியாத நிலை அவளுக்கு.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள், கம்ப்ரெஸர் கொட்டகைப் பக்கம் வேட்டைநாய் சத்தமே காட்டவில்லையே என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது. திரையைப் பார்க்க முடியாது. லெமுவேலைக் கேட்கலாம் என்றால் அவர் அன்றைக்கு ஹூஸ்டனில், கம்பெனியில் எல்லா இனத்தவரும் உண்டு என்று காட்டும் பன்முகத்தன்மைப் புத்தகத்துக்காகப் படம் பிடிக்கப்பட்டுக்கொண்டிருந்தார். அவளே கொட்டகைக்கு நடந்து போய்ப் பார்த்தாள். வாயு கசிந்துகொண்டிருந்தது; கண்ட்ரோல் ரூமில் வேட்டைநாயின் வாயைக் கட்டியிருந்தார்கள். கொட்டகை தீப்பிடித்தபோது அவள் உள்ளே இருந்தாள்.

ஆலை வாசலில் பெரிய பலகை ஒன்று இன்றைக்கும் நிற்கிறது: இந்த ஆண்டு நம் ஊழியர் ஒருவரும் உயிரிழக்கவில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. கொடிக்கம்பத்தடியில், பணியில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறது. அதில் அவள் பெயர் இல்லை.

அவள் புருஷன் அமோஸ் கில்லரி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், லெமுவேலோடு ஒரே பாப்டிஸ்ட் சபை. அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அவர் லெமுவேலின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவங்க வாயால ஒரு தடவ அவ பேரச் சொல்லணும், லெம். மேடையில, மைக்குல, நாலு பேரு கேக்கறாப்ல. அதுக்கப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்."

"சொல்ல வைக்கிறேன், அண்ணே," என்று லெமுவேல் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வாக்குதான் இப்போது அவரைப் பேச வைத்தது. "மேடம், வேட்டைநாய் வெர்லீன் செஞ்சது. விருத அவளுக்குக் குடுங்க. பெண் முன்னோடியையும் அவளுக்கே குடுத்துருங்க, சட்டப்பிரிவுக்கும் நிம்மதி."

பெய்ஜின் கண் கலங்கியது. "வெர்லீன் மேல எங்களுக்கு அளவுகடந்த மரியாத. அவங்க நினைவா எங்க இலாகாவுல எல்லாரும் ஒரு நிமிஷம் கம்ப்யூட்டர அணைச்சு வச்சோம், தெரியுமா? ஆனா அவங்க மஞ்ச அட்ட, லெமுவேல். மஞ்ச அட்டைய நாம பாராட்டினா அவங்க நம்ம ஆளுன்னு ஆயிடும். நம்ம ஆளுன்னு ஆயிட்டா, நம்ம ஆளு ஒருத்தர் செத்துட்டதா ஆயிடும். அப்படி யாரும் சாகலயே. வாசல்ல பலகையே இருக்கு."

அந்த அம்மாள் சொன்னதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று லெமுவேலுக்குப் பிடிபடவில்லை. ஒழுகலைக் கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்டவருக்கு அது அவமானமாக இருந்தது.

"பேரவைத் தலைவர் ஒத்துக்கிட்டா எங்களுக்கு ஆட்சேபம் இல்ல," என்று பெய்ஜ் வழியனுப்பினார்.

பேரவைத் தலைவர் டாக்டர் தாடியஸ் பிக்கென்ஸ், அந்தப் பழைய சர்ச் பின்கூடத்தில் கைதட்டியவர்களில் ஒருவர். ஒரு காலத்தில் கடலடிக் குழாய்களுக்குப் பேர்போன எஞ்சினியர். இப்போது விரல்களில் நாலு மோதிரம். லெமுவேலைக் கட்டித் தழுவி, தன் படத்துக்குக் கீழே இருந்த நாற்காலியில் உட்கார வைத்தார்.

"தம்பி, இறந்தவங்கள நாம மறக்கறதே இல்ல. அவங்களுக்குன்னு தனி விருதே வச்சிருக்கோம். நினைவு விருது. வெண்கலம், நல்ல கனம்."

"அப்ப அத வெர்லீனுக்குக் குடுத்துடலாமே, ஐயா."

"தாராளமா. ஒரே ஒரு நிபந்தன. வாங்கறவங்க நேர்ல வரணும்."

"செத்தவங்க எப்படி ஐயா நேர்ல வருவாங்க?"

"அதனாலதான் இதுவரைக்கும் யாருக்கும் குடுக்க முடியல," என்றார் டாக்டர் பிக்கென்ஸ். "விதியத் தளர்த்தினா, அப்புறம் உயிரோட இருக்கறவங்களும் வராம இருந்துடுவாங்க. ஆள் வராட்டா விருந்து மேச விக்காது. மேச விக்காட்டா விழா இல்ல. விழா இல்லாட்டா நம்ம ஜனத்த யாரு கௌரவிப்பா, சொல்லு?"

கிழவர் மோதிரங்களைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு குரலை இறக்கினார். "வெர்லீன எனக்கும் தெரியும்டா. இந்த அறையில வந்து என்னோட சண்ட போட்டிருக்கா. விருது குடுக்கறத விட்டுட்டு வேலையக் காப்பாத்திக் குடுங்கன்னு கத்தினா. வெளியில கேக்கும், மெதுவாப் பேசுன்னு நானும்தான் சொன்னேன்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஓட்டல் செலவு முழுக்க உங்க கம்பெனியோடது, தம்பி. போய்ட்டு வா."

படம் பிடிக்கும் வேலை அடுத்த வாரம் நடந்தது. ஏழு விருதுக்கு ஏழு படம் வேண்டும், ஏழும் ஒரே ஆள் என்று தெரியக் கூடாது. தலைக்கவசத்தை மாற்றி மாற்றி வைத்தார்கள். கண்ணாடியைப் போடச் சொன்னார்கள், கழற்றச் சொன்னார்கள். வாழ்நாள் சாதனையாளருக்குக் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்தார்கள். வருங்காலத் தலைவருக்கு வானத்தைப் பார்க்கச் சொன்னார்கள்.

"இன்னும் கொஞ்சம் கம்பீரமா," என்றான் படக்காரன். லெமுவேல் நிமிர்ந்தார். "அவ்வளவு வேண்டாம். பாக்கறவங்க பயப்படாத கம்பீரம்."

அது எப்படி என்று லெமுவேலுக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தினமும் காலையில் ஆலை வாசலில் அதைத்தான் செய்துவந்தார்.

மேடைப் பேச்சை அவரே எழுதி அனுப்பினார். இரண்டு பக்கம். சட்டப்பிரிவு அதைப் படித்துப் பார்த்துவிட்டு வெர்லீனை எடுத்தது. பிறகு கொட்டகையை எடுத்தது, தீயை எடுத்தது. 'வேட்டைநாய் குரைத்தது' என்ற இடத்தில் 'அமைப்பு தகவல் அளித்தது' என்று போட்டு, பிறகு அதையும் எடுத்தது. ஆண்டவருக்கு நன்றி என்பதை, மற்ற கடவுள்கள் கோபித்துக்கொள்ளக்கூடும் என்று எடுத்தது. கடைசியில் திரும்பி வந்ததை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்து மனைவி நெட்டிக்குப் படித்துக் காட்டினார்.

"நன்றி. உங்கள் எல்லோருக்கும் பசிக்கும்."

நெட்டி அடுப்பில் கம்போக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. நம்ம கல்யாணத்துல நீ பேசினத விட நீளம்."

"அமோஸண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன், நெட்டி?"

"போகாத. விருதும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு சொல்லு."

"போகாட்டா அந்த மேடையில அவ பேரச் சொல்ல நாதியே இல்ல."

"போனா மட்டும் சொல்ல விடப்போறாங்களா?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி. என் ஊதா கவுன எடுத்து வைக்கறேன். அந்தப் பாவிங்க விருந்துல போடற கோழியத் தின்னுட்டாவது வருவோம்."

மேடைக்கு முன்னால் பத்து பேர் உட்காரும் மேசை ஒன்றைக் கம்பெனி வாங்கியிருந்தது. விழா நெருங்கும்போதுதான், அதில் உட்கார லெமுவேலையும் நெட்டியையும் விட்டால் ஆள் இல்லை என்பது தெரிந்தது. மேசை காலியாக இருந்தால் படத்தில் விழும். அதனால், வீட்டுக்கு அனுப்பியவர்களுக்கே ஃபோன் போட்டு, ஒரு ராத்திரிக்கு வந்து எங்கள் எஞ்சினியர்களாக இருங்கள் என்று பாராட்டு இலாகா கேட்டது. இரண்டு பேர் ஃபோனிலேயே வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். மூன்று பேர், வேறு வேலை கிடைக்காதவர்கள், வருவதாகச் சொன்னார்கள். மிச்சத்துக்குக் கேன்டீனிலிருந்தும் காவல் பிரிவிலிருந்தும் ஆள் பிடித்தார்கள்.

"இன்னும் ஒரு இடம் காலியா இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது?" என்று பெய்ஜ் கேட்டார்.

"அமோஸ்னு ஒருத்தர் இருக்கார்."

"எஞ்சினியரா?"

"துறைமுகத்துல கிரேன் ஓட்டினவர்."

"கறுப்பினத்தவர்தானே?"

"ஆமா, மேடம்."

"அது போதும்," என்றார் பெய்ஜ். முழுப் பெயரை யாரும் கேட்கவில்லை.

விழாவன்று ஓட்டல் வாசலில் எல்லோருக்கும் அட்டை மாட்டிவிட்டார்கள். அமோஸ் ஞாயிறு ஆராதனைக்குப் போடும் சட்டை கோட்டில் வந்திருந்தார். கழுத்தில் விழுந்ததை எடுத்துப் பார்த்தார். நீல அட்டை. நாரை ஒற்றைக் காலில் நின்றது.

"இத அவகிட்டேருந்து புடுங்கினப்ப, அவ ரெண்டு நாள் சோறு திங்கல," என்றார். "எனக்கு எவ்வளவு சுளுவா குடுத்துட்டாங்க பாரேன்." பக்கத்தில் நின்ற நெட்டி அவர் கோட்டில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டாள்.

உள்ளே சரவிளக்குகள், வெள்ளை மேசைகள், நாரை வடிவத்தில் செதுக்கிய பனிக்கட்டி. எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. கோழிக்கறி தட்டுகளில் ஆறிக்கொண்டிருந்தது. விழா தொடங்கவில்லை. பாதுகாப்பு நிமிடம் சொல்ல வேண்டிய பாதுகாப்பு இலாகாத் தலைவர் வருகிற வழியில் தன் காரை நின்றுகொண்டிருந்த லாரியில் மோதிவிட்டு நெடுஞ்சாலையில் நின்றார். அவருக்குக் காயம் இல்லை. ஆனால் அவர் வராமல் பாதுகாப்பு நிமிடம் இல்லை, அது இல்லாமல் நிகழ்ச்சி இல்லை, கோழியும் இல்லை. டாக்டர் பிக்கென்ஸ் மேடையில் மூன்றாவது முறையாக நல்வரவு சொன்னார்.

பெய்ஜ் வேர்த்து விறுவிறுத்து லெமுவேலிடம் ஓடிவந்தார். "நீங்க சொல்லிடுங்க, லெமுவேல். வாசல் எங்க இருக்குன்னு சொன்னாப் போதும். இதுக்குச் சட்டப்பிரிவு அனுமதி வேண்டாம்."

லெமுவேல் எழுந்து போனார். மைக்கின் முன்னால் நின்றார். எதிரே அத்தனை பேரும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சட்டப்படி வாயை மூடிக்கொண்டார்கள்.

"இந்தக் கூடத்துக்கு நாலு வாசல் இருக்கு," என்று ஆரம்பித்தார். "முன்னால ரெண்டு, பின்னால ரெண்டு. தீப்பிடிச்சா கிட்டத்துல இருக்கறது வழியா ஓடிடுங்க. வெர்லீன் கில்லரி இருந்த கொட்டகைக்கு ஒரு வாசல்தான்."

மேசைகளில் சில தலைகள் உயர்ந்தன.

"வெர்லீன் எங்க ஆலையில எஞ்சினியர். இன்னிக்கு எனக்குக் குடுக்கற பெரிய விருது அவ செஞ்ச வேலைக்கு. வாயு கசிஞ்சா குரைக்கிறதுக்கு அவ ஒண்ணு செஞ்சு வச்சா. அது நெசமாவே குரைச்சுது. வேல கெடுதுன்னு அது வாயக் கட்டினோம். அப்புறம் அவ அட்டைய மாத்தினோம். மாத்தினதால அவளால திரையப் பாக்க முடியல. நடந்து போய்ப் பாத்தா. நான் அங்க இல்ல. இங்க ஹூஸ்டன்ல சிரிச்சுக்கிட்டுப் படத்துக்கு நின்னுக்கிட்டு இருந்தேன்."

சட்டப்பிரிவுத் தலைவர் பாதி எழுந்தார். சேர்மன் விதித்த சட்டம் நினைவுக்கு வர, எழுந்தபடியே நின்றார், உட்காரவும் இல்லை.

"அவ ஊழியர் இல்லங்கறதால அவ சாகலன்னு வாசல்ல எழுதி வச்சிருக்கோம். அவ செத்துட்டா. நான்தான் பெட்டியத் தூக்கினேன். அவ பேரு வெர்லீன் கில்லரி. அவ புருஷன் அந்த மேசையில உக்காந்திருக்காரு." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "இதான் இன்னிக்குப் பாதுகாப்பு நிமிஷம். படியில எறங்கும்போது கைப்பிடியப் பிடிச்சுக்குங்க."

டாக்டர் பிக்கென்ஸ் மேடை ஓரத்தில் தலை குனிந்து நின்றார். அப்போது சேர்மன் காரெட் ஸ்ட்ரிக்லண்ட் எழுந்தார். உயரமான மனிதர். புயலில் ஊரே மூழ்கினாலும் அவர் தலைமுடி கலையாது என்று ஆலையில் சொல்வார்கள். நேராக மேடைக்கு வந்து லெமுவேலை அணைத்துக்கொண்டார். அவர் கண்களில் நிஜமாகவே நீர் இருந்தது.

"நண்பர்களே, நான் கேட்ட பாதுகாப்பு நிமிஷங்கள்லயே இதான் உயர்ந்தது," என்றார் மைக்கில். "வெர்லீன் கில்லரி. நான் அந்தப் பேர மறுபடியும் சொல்றேன். வெர்லீன் கில்லரி. இன்னையிலேருந்து அந்த அமைப்புக்கு வேட்டைநாய்ங்கற பேரு கிடையாது. அதுக்குப் பேரு வெர்லீன். யாரு சொன்னா அவங்க நம்மள விட்டுப் போயிட்டாங்கன்னு? அவங்க எங்க ஆலை பூராவும் இருக்காங்க. சம்பளம் கேக்காம, லீவு போடாம, ராத்திரி பகலா எங்களுக்காக உழைச்சுக்கிட்டே இருக்காங்க. ஒரு ஊழியர்கிட்ட ஒரு கம்பெனி இதவிட என்ன எதிர்பாக்க முடியும்?"

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. கேன்டீன் ஆட்கள் அழுதார்கள், பெய்ஜ் அழுதார், சட்டப்பிரிவுத் தலைவர் ஒருவழியாக உட்கார்ந்தார். அமோஸ் மட்டும் எழவில்லை. இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் ஊன்றி, முகத்தை நிமிர்த்தி, மைக் வைத்திருந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். லெமுவேல் வந்து உட்கார்ந்ததும் அவர் முழங்காலைத் தட்டினார்.

"கேட்டியா, லெம்? மூணு தடவ சொன்னான். நான் எண்ணினேன்."

அதன் பிறகு ஆறிய கோழியைச் சாப்பிட்டார்கள். பிறகு லெமுவேல் ஆறு முறை மேடை ஏறி ஆறு முறை இறங்கினார். மிச்சமிருந்த பெண் முன்னோடி விருதுக்கு அவரை ஏற்ற வேண்டாம் என்று சட்டப்பிரிவு கடைசி நேரத்தில் முடிவு செய்து, கம்பெனியின் பெண்கள் அனைவர் சார்பிலும் சேர்மனிடமே கொடுத்துவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில் நெட்டியின் மடியில் கண்ணாடிக் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. லெமுவேலுக்கு அது எதுவும் மனசில் நிற்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாகிவிட்டது. மாதக் கணக்கில் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

சேர்மனும் சொன்ன சொல் தவறவில்லை. மறுவாரமே ஆலையில் எல்லாத் திரைகளிலும் 'வேட்டைநாய்' போய் 'வெர்லீன்' வந்தது. கண்ட்ரோல் ரூம் கதவில் அவள் படத்தைக்கூட மாட்டினார்கள், நீல அட்டையோடு இருக்கும் பழைய படம். லெமுவேல் அதன் முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனார். பத்தாவது மூக்கில் ஏதோ கசிவு. திரை சிவந்து மணி அடித்தது.

"வெர்லீன் ஆரம்பிச்சுட்டாப்பா," என்றான் ஷிஃப்ட் பொறுப்பாளன், டோனட்டைக் கடித்தபடி.

"காலையிலேருந்து கத்திக்கிட்டே கெடக்கா. அவ வாயக் கட்டு," என்றான் இன்னொருவன். இருவரும் கெட்டவர்கள் இல்லை. விழாப் படத்தைப் பார்த்துவிட்டு லெமுவேலின் கையைக் குலுக்கியவர்கள்தான்.

ஒரு விரல் நீண்டு பொத்தானை அழுத்தியது. அறை அமைதியாயிற்று. லெமுவேல் போய்ப் பொத்தானை விடுவித்தார். மணி மறுபடி அடித்தது. சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது மறுபடி கட்டியிருந்தார்கள். மறுநாளும் அப்படியே. ரேடியோவிலும் சாப்பாட்டு அறையிலும் எங்கே பார்த்தாலும் அவள் பெயர்தான். வெர்லீன் இம்சை பண்ணுறா. வெர்லீனுக்கு இன்னிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. வெர்லீன அடக்குங்கப்பா. வாக்குக் கொடுத்து, மேடை ஏறி, இதையா அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன் என்று ஒவ்வொரு தடவையும் லெமுவேல் நொந்துகொண்டார்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து சபையார் எல்லோரும் வெளியே பொரித்த மீன் தட்டுகளோடு நின்றார்கள். அமோஸ் தன் தட்டை எடுத்துக்கொண்டு லெமுவேலின் பக்கம் வந்தார். விழாவுக்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

"அங்க அவ பேர இப்பவும் சொல்றாங்களா, லெம்?"

"தினமும் சொல்றாங்க, அண்ணே."

"எப்படிச் சொல்றாங்க?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் லெமுவேல் நினைத்தார். அமோஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் வரவில்லை. "கத்துறா, வாயக் கட்டுங்கன்னு சொல்றாங்க."

அமோஸ் தட்டைப் பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத விதமாக, தோள் குலுங்கச் சிரித்தார். "உயிரோட இருந்தப்பவும் அதத்தானேப்பா சொன்னாங்க." சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்க ஒரு கை போதவில்லை. லெமுவேல் அவர் தட்டை வாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"கட்டிடறாங்களா?" என்று அமோஸ் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"கட்டறாங்க. நான் போய் அவுத்து விட்டுட்டு வரேன்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும், அண்ணே."

"நீ இன்னும் எத்தன நாளைக்கு அங்க இருப்ப?"

"மே மாசம் வரைக்கும். என் எடத்துக்கு ஆள் போடப்போறதில்லையாம்."

அமோஸ் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மீன் ஆறிப் போயிருந்தது. இருவரும் நின்றபடியே அதைச் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அமோஸ் எதுவும் கேட்கவில்லை.